ஊமைப்படம் பார்த்த குளிர்காலம்

எங்கள் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டென்மார்க்கில், ஜட்லாந்தின் சிறு நகரங்களில் வந்து இறங்கிய முதல் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள். டாக்டரிடம் அம்மாவின் வயிற்றுவலியையும், பள்ளிக்கூடக் கூட்டத்தில் எங்களைப் பற்றியே ஆசிரியை சொன்ன குறைகளையும், தபாலில் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் பெற்றோருக்குத் தமிழில் சொன்னவர்கள் நாங்கள்தான். பத்து வயதில் நாக்கு வளைந்துகொடுக்கும். நாற்பதில் அது முரண்டு பிடிக்கும்.

உங்களில் எத்தனை பேர், எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி சொல்லாமல் விட்டிருப்பீர்கள்? நான் இரண்டு தடவை விட்டிருக்கிறேன். முதலாவது ஓர் ஊமைப்படத்துக்கு. இரண்டாவது என் அண்ணனைப் பற்றிய கடிதத்துக்கு. இரண்டும் ஒரே குளிர்காலத்தில் நடந்தன. அப்பாவும் போன பிறகுதான் இதை எழுத மனம் வந்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஹேர்னிங்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா எங்களுக்கு மூன்று வருடம் முன்னதாகவே வந்து, ஒரு துணித் தொழிற்சாலையில் சாயப் பகுதியில் வேலை செய்தார். அவருடைய நக ஓரங்களை வைத்தே அந்த வாரம் தொழிற்சாலையில் என்ன நிறம் ஓடியது என்று நான் சொல்லிவிடுவேன். அம்மாவும் நானும் மட்டக்களப்பிலிருந்து வந்து ஒரு குளிர்காலம் கழிந்திருந்தது. அண்ணன் வரவில்லை.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். எங்கள் மூவருக்கும் ஒன்றாகத்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் அவனுடைய உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. அப்பா எழுதினார்: 'படிப்பைப் பாதியில் விட்டால் இங்கே வந்து என்னைப்போலச் சாயத்துக்குள்தான் கை வைப்பான். பரீட்சையை எழுதிவிட்டு வரட்டும்.' அம்மா மறுத்துச் சொல்லவில்லை. அண்ணனைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் விமானம் ஏறினோம். பரீட்சை, நாட்டு நிலைமையால், ஒரு முறை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. அதற்குள் அவனுடைய அனுமதியின் காலம் முடிந்துவிட, அப்பா ஒரு டேனிஷ் வக்கீலைக் கொண்டு புதிதாக விண்ணப்பம் போட்டார். அண்ணனுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. பதினெட்டு தாண்டினால் பிள்ளையைப் பெற்றோரிடம் சேர விடமாட்டார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது.

நூலகத்தின் கதவில் ஒட்டியிருந்த தாளை முதலில் பார்த்தது நான்தான். சனிக்கிழமைகளில், மதியத்துக்கு முன், கீழறையில் பழைய படங்கள் காட்டப்படும், நுழைவு இலவசம் என்று எழுதியிருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"டேனிஸ் படத்துக்கு நான் வந்து என்ன மனே செய்யிற? ஒண்டும் விளங்காது," என்றார் அம்மா. மட்டக்களப்பில் மகளையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இது ஒருத்தரும் கதைக்காத படம் அம்மா."

"கதைக்காமப் படமா?"

"வாயத்தான் அசைப்பாங்க. இடையில எழுத்து வரும். நான் வாசிச்சுச் சொல்லுறன்."

அம்மா வந்தார். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய குளிரங்கி, காலில் பனிச் சப்பாத்து. எனக்கு நீல நிறத்தில் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் அந்த ஒற்றைப் பனியுடை. இங்கே அதை விமானி உடுப்பு என்பார்கள், உங்களுக்கும் ஒன்று இருந்திருக்கும். கீழறையில் நனைந்த கம்பளியின் மணம், தோடம்பழத் தோலின் மணம், புரொஜெக்டரின் விளக்குச் சூட்டில் தூசு கருகும் மணம். நாற்பது கதிரை இருக்கும். பெரும்பாலும் பிள்ளைகள், சில வயதானவர்கள், பின்வரிசையில் அம்மா. பிள்ளைகள் பகுதியில் வேலை செய்த நூலகப் பெண்தான் சுருளை மாட்டி ஓட்டினார். பள்ளிக்கூடச் சங்கீத ஆசிரியர் பக்கத்தில் பியானோ வாசித்தார். ஆபத்து நெருங்கினால் அவருடைய முதுகு வளையும். முதுகைப் பார்த்தே அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார்.

படம் தொடங்குமுன் நூலகப் பெண் சில வார்த்தை சொல்வார். சினிமா பிறந்த காலத்தில் டென்மார்க்கில் எடுத்த படங்களை உலகமே பார்த்ததாம். சர்க்கஸ், தீ விபத்து, பெண்களைக் கடத்தும் போலிப் பிரபுக்கள், கடைசி நிமிடத்தில் கயிற்றில் தொங்கி வந்து காப்பாற்றுகிற காதலர்கள். படத்தில் பேச்சும் சத்தமும் இல்லாத காலம் ஆகையால், எல்லாம் உடம்பால்தான் நடந்தது. அவர் மிகப் பழையதில் தொடங்கி வாரத்துக்கு வாரம் புதியதாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரு கலை எப்படி வளர்ந்தது என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன்.

முதல் வாரப் படத்தில் கமரா அசையவே இல்லை. ஒருவன் கடலில் விழுகிறான், இன்னொருவன் குதித்து இழுத்து வருகிறான், படம் முடிந்தது. மூன்றாம் வாரம் ஒரு வீடு தீப்பிடித்தது. உள்ளே ஒரு தாயும் பிள்ளையும். புகை. யன்னலை உடைத்துக்கொண்டு தீயணைப்பு வீரன் வருகிறான், இருவரையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறான். நாங்கள் கைதட்டினோம். உடனே அதே தீ, அதே யன்னல், இப்போது தெருவிலிருந்து. ஏணி வைக்கிறார்கள், வீரன் ஏறுகிறான், மறுபடியும் காப்பாற்றுகிறான்.

"இப்பதானே இறக்கினான். மறுகா ஏன் ஏறுறான்?" என்றார் அம்மா சத்தமாக. நூலகப் பெண் திரும்பிப் பார்த்தார். நான் கேள்வியை டேனிஷில் கேட்டேன்.

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடப்பதை எப்படிக் காட்டுவது என்று அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை, அதனால் உள்ளே நடந்ததை முழுதாகக் காட்டிவிட்டு வெளியே நடந்ததை முழுதாகக் காட்டினார்கள் என்றார் அவர். இனி வரும் படங்களில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று வெட்டி வெட்டிக் காட்டுவார்கள், அப்போதுதான் உங்களுக்கு மூச்சு முட்டும் என்று சிரித்தார்.

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா யோசித்தார்.

"இதுவும் சரிதானே. உள்ளுக்க நிக்கிறவளுக்கு நேரம் வேற. வெளிய நிக்கிறவனுக்கு நேரம் வேற."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அது விளங்கவும் இல்லை.

நூலகப் பெண் சொன்னபடியே படங்கள் வேகமெடுத்தன. தண்டவாளத்தில் கட்டிப்போட்ட பெண், தூரத்தில் ரயில், அதைவிடத் தூரத்தில் குதிரையில் ஒருவன். பெண், ரயில், குதிரை. பெண், ரயில், குதிரை. ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிடக் குட்டையாகிக்கொண்டு வரும். அம்மா முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "கெதியா வா மனே, கெதியா," என்பார். முன்னால் இருந்த டேனிஷ்ப் பிள்ளைகள் திரும்பிச் சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். காப்பாற்ற வருகிறவன் யாராக இருந்தாலும் அம்மாவுக்கு அவன் மனேதான்.

அம்மா அந்த நாட்டில் வாய்விட்டுச் சிரித்ததும் அழுததும் அந்தக் கீழறையில்தான். வீட்டில் அவர் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு சொல்வார் என்று பயம்.

படக்கதைகளை அம்மா அண்ணனுக்கு நீல விமானக் கடிதத்தில் எழுதுவார். அவனும் பதில் போடுவான். ஒரு பதில் எனக்கு இன்னும் பாடம். 'அம்மா, அந்தக் குதிரைக்காரன் என்னுடைய சைக்கிளைக் கேட்டிருந்தால் நேரத்தோடு போயிருப்பான். தங்கச்சியிடம் சொல்லுங்கள், ரயில் உண்மையிலேயே கிட்ட வந்ததா, அல்லது படம் பிடித்தவன் ஏமாற்றினானா என்று விசாரித்து எழுதச் சொல்லி.' நான் விசாரித்தேன். ரயிலைப் பின்னோக்கி ஓடவிட்டு, சுருளைத் திருப்பி ஓட்டினார்களாம். அதை எழுதி அனுப்பினேன். 'நான் அப்பவே நினைச்சன்' என்று பதில் வந்தது. எந்த இயந்திரத்தைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிறவன் அவன்.

தை மாதக் கடைசியில் அந்தப் படம் வந்தது. ஒரு வெளிச்சவீட்டுக் காவலாளியின் மகள். அவளை ஒரு போலிப் பிரபு துறைமுகத்தின் கீழறை ஒன்றில் பூட்டிவைக்கிறான். கடல் ஏறும் நேரம். சுவரின் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. அவளுக்கு நிச்சயித்தவன் தந்தி அலுவலகத்தில் வேலை செய்கிறவன். செய்தி கிடைத்து மோட்டார் சைக்கிளில் வருகிறான். பாலம் மேலே தூக்கப்படுகிறது. அதன் விளிம்பில் தொங்கிக் குதிக்கிறான். தண்ணீர் அவள் இடுப்புக்கு. கழுத்துக்கு. கதவை உடைக்கிறான். தண்ணீரோடு சேர்ந்து அவளும் அவன் கைகளில் வந்து விழுகிறாள். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார்.

விளக்கு எரியவில்லை. நூலகப் பெண், சின்னப் பிள்ளைகள் விரும்பினால் வெளியே போகலாம் என்றார். அந்தக் காலத்தில் ரஷ்யாவுக்கு அனுப்பும் பிரதிகளுக்கு டேனிஷ் கம்பனிகள் தனியாக ஒரு சோக முடிவைப் படம்பிடித்து ஒட்டுவார்களாம். அங்கே சனங்களுக்கு அப்படித்தான் பிடிக்குமாம். இந்தப் படத்துக்கு அந்தத் துண்டும் கிடைத்திருக்கிறது, பாருங்கள் என்றார்.

அதே மோட்டார் சைக்கிள். அதே பாலம். அவன் கதவை உடைக்கிறான். தண்ணீர் வெளியே பாய்கிறது. அவளுடைய தலைக்குட்டை மட்டும் மிதந்து வருகிறது. கறுத்த திரையில் இரண்டே வார்த்தை: For sent. நேரம் கடந்துவிட்டது.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் அம்மா.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மனே, என்ன எழுதியிருக்கு? அவள் எங்க?"

அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. விளக்கு எரிந்ததும் அவர் என்னை நூலகப் பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனார். "எது உண்மை எண்டு கேள். ரெண்டுல எது உண்மை?"

நான் கேட்டேன். நூலகப் பெண் சுருளைத் தகர டப்பாவில் வைத்து மூடிக்கொண்டே, "இரண்டும்தான். இரண்டையும் ஒரே நடிகர்களை வைத்துத்தான் எடுத்தார்கள்," என்றார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"முதலாவதுதானாம் உண்மை," என்றேன். "மற்றது சும்மா விளையாட்டுக்கு எடுத்ததாம்."

அம்மாவின் கை தளர்ந்தது. வரும் வழியில் கடையில் கோழி வாங்கினார். அன்று மத்தியானம் அப்பாவுக்கு முழுக்கதையையும் நடித்துக் காட்டினார், பாலத்தில் தொங்கினது உட்பட. அப்பா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். ஒரு சின்னப் பொய்யால் வீடே வெளிச்சமானதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் கடிதம் வந்தது. யன்னல் வைத்த உறை, அப்பாவின் பெயர். அப்பா வேலையில். அம்மா காத்திருக்கவில்லை.

"அண்ணன்ட விசயம்தான். உடைச்சு வாசி."

குசினி மேசையில் வைத்து வாசித்தேன். முக்கால்வாசி வார்த்தைகள் எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. Afslag. மறுப்பு. மேல்மாடியில் இருந்த தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு தடவை அந்த வார்த்தை வந்து, அந்த வீட்டு அக்கா படிக்கட்டில் இருந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பிறகு பதினெட்டு என்ற எண்ணும், அண்ணனின் பெயரும். அம்மா எனக்கு முன்னால் நின்றார். கையில் மா ஒட்டியிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

"என்னவாம்?"

"கொஞ்சம் பொறுக்கட்டாம். பத்திரங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறாங்களாம்."

"இல்லையெண்டு சொல்லல்லயே?"

"இல்ல அம்மா."

அம்மா அந்த இடத்திலேயே முழந்தாளிட்டு ஜெபம் செய்தார். நான் கடிதத்தை மடித்து, என் நீல உடுப்பின் உள்துணியில் கிழிந்திருந்த இடத்துக்குள் தள்ளினேன். அப்பாவிடம் கொடுத்தால் அவர் அகராதியை வைத்து ஒரு மணித்தியாலத்தில் வாசித்துவிடுவார். அந்தப் பின்னேரம் அப்பா வந்தபோது அம்மாவே சொன்னார்: "கடிதம் வந்திச்சு. பொறுக்கட்டாம். புள்ள வாசிச்சாள்." அப்பா என்னைப் பார்த்தார். "எங்க கடிதம்?" என்றார். பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தேன், அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா பழைய உடுப்புக் கடையில் ஒரு மண்ணிறக் குளிரங்கி வாங்கினார். தலைக்கு மூடி வைத்தது, நல்ல கனம். என்னைக் கதிரையில் ஏற்றி, போட்டுப் பார்க்கச் சொன்னார்.

"அவன் இப்ப அப்பாவவிட ஒசப்பமா இருப்பான். கை நீளம் காணுமா?"

"காணும் அம்மா."

அது வாசல் கொக்கியில் தொங்கியது. ஒவ்வொரு நாளும் அம்மா அதைத் தட்டிவிடுவார், தூசு இல்லாவிட்டாலும்.

பங்குனியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த மேல்மாடிக் குடும்பத்துப் பிள்ளை, என் தோழி, தன் அப்பாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றாள். "மறுப்பெண்டு வந்திச்சே," என்றேன். "மறுப்பு வந்தா குறிச்ச நாளுக்குள்ள, திருப்பிப் பாருங்க எண்டு முறைப்பாடு எழுதலாம். நாள் தவறினா ஒண்டும் செய்யேலாது," என்றாள் அவள், டேனிஷ் பாதி தமிழ் பாதியாக.

நான் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் தொங்கிய நீல உடுப்பை எடுத்து உள்துணிக்குள் கை விட்டேன். கிழிசல் தைக்கப்பட்டிருந்தது. அம்மாதான் தைத்திருப்பார் என்று நினைத்தேன். பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தேன். பஞ்சு மட்டும் வந்தது. கைவரை, தோள்வரை தேடினேன். கடிதம் இல்லை. சனிக்கிழமைகளில் அந்த உடுப்பை நூலகத்தில் கழற்றி மாட்டுவது ஞாபகம் வர, அங்கே ஓடினேன். பனி உருகிச் சாம்பல் நிறத்தில் தெருவோரம் கிடந்தது. இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். கீழறையின் கொக்கிகளுக்குக் கீழே, கதிரைகளுக்குக் கீழே தவழ்ந்து தேடினேன். சத்தம் கேட்டு நூலகப் பெண் இறங்கி வந்தார்.

"என்ன தேடுகிறாய்?"

"ஒரு முக்கியமான... நான் தொலைத்துவிட்டேன். நாள் கடந்துவிட்டது," என்றேன். அழுகையில் டேனிஷ் வரவில்லை. கடிதம் என்ற வார்த்தையை நான் சொன்னேனா என்றே தெரியவில்லை.

அவர் என் பக்கத்தில் குந்தியிருந்து, என் தோளை அணைத்துச் சிரித்தார். "அதற்காகவா இவ்வளவு அழுகை? புத்தகம் தொலைவது எங்களுக்கு ஒவ்வொரு நாளும் நடப்பது. அதனால் ஒன்றும் இல்லை. அடுத்த முறை கவனமாக இரு." என் கன்னத்தைத் தன் கம்பளிச் சட்டைக் கையால் துடைத்தார்.

நல்ல மனுசி. அதனால் ஒன்றும் இல்லை என்று அந்த நாட்டில் எனக்குச் சொன்ன முதல் பெரியவர் அவர். அதை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பாஸ்காத் திருநாளோடு சனிக்கிழமைப் படங்கள் நின்றன. ஆனி மாதத்தில், சாப்பாடு முடிந்தும் வெயில் மேசையில் கிடந்த ஒரு பின்னேரம், அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"மறுத்துட்டாங்க."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாசியில புள்ள வாசிச்சது?" என்றார் அம்மா.

"அது வேற கடிதம். இது இப்ப வந்தது," என்றார் அப்பா. என் பக்கம் பார்க்கவில்லை.

நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அதோடு இன்னொன்றும் நினைத்தேன்: நாள் தவறியதால்தான் இது வந்திருக்கிறது. என்னால்தான். அடுத்த நாள் கொக்கியில் மண்ணிற அங்கி இல்லை. எங்கே போனது என்று நான் கேட்கவும் இல்லை.

அண்ணன் பரீட்சையை எழுதினான். நல்ல பெறுபேறு. கணிதத்தில் அதி திறமைச் சித்தி என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு சண்டை மறுபடி மூண்டது. சித்தப்பா குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தது. அங்கே இராணுவம் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் பெடியன்களை வரிசையில் நிற்கவைத்து, அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பாவின் கடிதம் எங்களுக்கு ஏழு கிழமை கழித்துத்தான் கிடைத்தது. அந்த ஏழு கிழமையும் அம்மா அவனுக்கு வழக்கம்போலக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவன் திரும்பி வரவில்லை. அம்மா பல வருடம் காணாமல் போனவர்களைத் தேடும் அமைப்புகளுக்கு எழுதினார், நான்தான் எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளபடி எழுதினேன். பதில்களையும் உள்ளபடி வாசித்தேன். ஆறு வருடத்துக்கு முன் அம்மா போனார், கடைசிவரை அவனுக்கு ஒரு திவசம் வைக்கவோ, ஆலயத்தில் நினைவு ஜெபம் சொல்லவோ சம்மதிக்காமல்.

நான் விபோர்க்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். எனக்கே ஐம்பது நெருங்குகிறது. போன வருடம் ஹ்விடோவ்ரேயில் மகள் வீட்டில் நின்றபோது, அவள் கணினியில் ஏதோ ஒரு பழைய ஊமைப்படம் ஓடவிட்டாள். புதுப்பித்த பிரதி, ஒரு கீறல் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. ஏன் என்று கேட்டாள். முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன், கடிதத்தை, கிழிசலை, எல்லாவற்றையும்.

மகள் நகரசபையில் வேலை செய்கிறவள், இப்படிப்பட்ட கடிதங்கள் அவளுக்குப் பழக்கம். டேனிஷில்தான் பதில் சொன்னாள். "அம்மா, விண்ணப்பம் போட உதவி செய்தவருக்கும் ஒரு பிரதி போயிருக்கும். பதினொரு வயதுப் பிள்ளையின் உடுப்புக்குள் ஒரு வழக்கு முடிந்துபோகாது. தாத்தாவிடம் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்பா அப்போது ஹேர்னிங்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரல். நான் ஞாயிறு பின்னேரம் காரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தலையணையில் சாய்ந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அப்பா, அண்ணன்ட கடிதம் ஒண்டு நான் ஒளிச்சு வச்சன். தெரியுமா?"

அவர் ஆச்சரியப்படவில்லை. "நீல உடுப்புக்குள்ள," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லச் சொன்னார். "நனைஞ்சு கிடந்திச்சு. ஹீட்டர்ல காயப்போட எடுத்தன். கடதாசிச் சத்தம் கேட்டிச்சு. அடுத்த நாளே லீவு போட்டுட்டு, எங்களுக்கு எழுதித் தாற அந்த டேனிஸ் வக்கீலிட்ட கொண்டுபோனன். மறுகா கிழிசலையும் நானே தைச்சன்."

"அப்ப முறைப்பாடு?"

"நாளுக்குள்ளயே எழுதினம். பதினெட்டு எண்டா பதினெட்டுத்தானாம். ஆனியில அதுவும் வந்திட்டு."

யன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் யாரோ வண்டியைப் பின்னெடுத்தார்கள். அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்ற? நீ சொன்னதக் கேட்டு அம்மா அந்த மாசமெல்லாம் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சா. அத உடைக்க எனக்கு மனம் வரல்ல. நீயும் சின்னப் புள்ள. ரெண்டு நாளில மறந்துருவாய் எண்டு நினைச்சன்."

மறந்துவிடுவேன் என்று நினைத்தார். ஒரு வார்த்தையில் தூக்கி எறிந்திருக்கக்கூடிய பாரத்தை நான் கலியாணத்துக்குள்ளும் பிள்ளைப்பேறுக்குள்ளும் அம்மாவின் சவப்பெட்டிவரையும் சுமந்து வந்திருக்கிறேன். அது இறங்கியதும் நிம்மதி வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவருடைய கையைப் பிடிக்க எடுத்த என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அப்பா போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பரீட்சை," என்றார். "எழுதிப்போட்டு வரட்டும் எண்டு நான்தான் சொன்னன்."

இதை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அம்மா, கடவுள் சித்தம் என்பார். பாஸ்டர், அன்றைக்கு யாருக்குத் தெரியும் என்பார். நான், அது உங்கட பிழை இல்ல அப்பா என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார். இந்த முறை என் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்னில கோபமா மனே? உள்ளதச் சொல்லு."

வழக்கமான பதில் வாய்க்குள் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஓம் அப்பா. கோபம்தான். அவனையும் எங்களோட கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாம்."

அவருடைய முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அது தளர்ந்தது. கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவர் துடைக்கவில்லை, நான் துடைத்தேன்.

"ஓம்," என்றார். "சொல்லியிருக்கலாம்." பிறகு, "இத்தனை வருசமா ஒருத்தரும் அத என்னட்டச் சொல்லல்ல," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அண்ணனின் பெயரைச் சொன்னார். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. ஐந்து வயதில் அவன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப்போட்டு, திரும்பப் பூட்டியபோது ஒரு சில்லு மிஞ்சியதையும், அப்படியும் அது ஓடியதையும் அப்பா சொன்னார். எனக்கு அது தெரியாத கதை. எனக்குத் தெரிந்த ஒன்றை நான் சொன்னேன். தாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், அது ஆறிப்போனது.

மூன்று கிழமை கழித்து அப்பா போனார். அந்த மூன்று கிழமையும் நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து விபோர்க்கிலிருந்து ஹேர்னிங்குக்குப் போய் வந்தேன். அண்ணனைத் தவிர வேறு யாரைப் பற்றியும் நாங்கள் கதைக்கவில்லை.